வரைபடத்தில் தை மாதம் எங்கே?

இப்பதிவு சற்று நீளமானது. ஆய்வேட்டுக்காக வரைபடம் வரைந்தவர்களும், பள்ளி நாள்களில் வரைபடத்தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தவர்களும் பொறுமையுடன் இறுதிவரை வாசிக்க வேண்டுகிறேன்.

வட இந்தியாவில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் நிலத்தடி நீர் குறித்து ஆய்வு செய்து வருகிறேன். சென்ற தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் புறப்பட்டபோது, எங்கள் பகுதிக் கிணறுகளின் நீர்மட்டம் ஓராண்டில் எவ்வாறு ஏறி இறங்குகிறது என்பதைக் காட்டும் வரைபடம் ஒன்றை அச்சிட்டு எடுத்துச் சென்றேன். ஆய்விதழுக்கு அனுப்பிய அதே படம்தான். ஊரார் படிப்பதற்காக ஆங்கிலச் சொற்களை நீக்கிவிட்டுத் தமிழ்ச் சொற்களை இட்டிருந்தேன். கிடை அச்சில் சனவரி, பிப்ரவரி என்பதற்கு மாறாகச் சித்திரை முதல் பங்குனி வரை எழுதியிருந்தேன். புறப்படும் அவசரத்தில் அச்சுத்தாளைச் சரிபார்க்கவில்லை.

திண்ணையில் விரித்தபோதுதான் கண்டேன். சித்திரை, வைகாசி, கார்த்திகை, தை ஆகிய நான்கு மாதங்களும் சிதைந்திருந்தன. தகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இணைக்கொம்பு பின்னால் தனியே நின்றது. வைகாசியில் வகரத்தைத் தாண்டிச் சென்ற கொம்பு ககரத்தின் முன்னால் அமர்ந்து, அச்சொல்லை 'வகை' என்று தொடங்க வைத்திருந்தது. வேறு சில மாதங்களில் உகர, இகரக் குறிகள் மெய்யோடு ஒட்டாமல் விலகி நின்றன. ஆயினும் அவற்றைப் படிக்க முடிந்தது. என் தந்தையார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "எல்லாம் சரி, தையைக் காணோமே? தையிலதானே கிணத்துல தண்ணி மேல நிக்கும்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது, வரைபடங்களின் ஓரங்களில் எழுதப்படும் சொற்களுக்கென்றே இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு என்பதை உணர்ந்தேன். லேபிள் என்று நாம் வழங்கும் அக்குறிப்புச்சொற்களை ஆய்வாளர்கள் கடைசி அரைமணி நேரத்தில் இடுகிறோம். படிப்பவரோ அவற்றைத்தான் முதலில் பார்க்கிறார்.

வரலாறு 1786-இல் இலண்டனில் தொடங்குகிறது. நீராவிப் பொறியால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராகப் பணியாற்றிய வில்லியம் பிளேஃபேர், அவ்வாண்டில் இங்கிலாந்தின் வணிகக் கணக்குகளைக் கோடுகளாகக் காட்டும் நூலொன்றை வெளியிட்டார். காலவரிசைப்படி ஏறி இறங்கும் கோட்டுப் படங்கள் 43. பட்டை வரைபடம் ஒன்று. அவற்றுள் டென்மார்க்கு, நார்வே நாடுகளோடு இங்கிலாந்து நடத்திய வணிகத்தைக் காட்டும் படம் இன்றும் பாடநூல்களில் எடுத்தாளப்படுகிறது. அதில் இறக்குமதிக் கோடு, ஏற்றுமதிக் கோடு என்னும் பெயர்கள் ஒரு மூலையில் பெட்டி கட்டி வைக்கப்படவில்லை. அந்தந்தக் கோட்டின்மேல், அதன் வளைவுக்கேற்ப வளைந்து செல்கின்றன. இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட பரப்பில், வணிக மிச்சம் இங்கிலாந்துக்குச் சாதகமா பாதகமா என்பதும் எழுதப்பட்டுள்ளது.

அப்படத்தின் அடியில் ஒரு வாக்கியம் இருக்கிறது. கீழ்க்கோடு ஆண்டுகளாகவும், வலப்பக்கக் கோடு பத்தாயிரம் பவுன்களாகவும் பகுக்கப்பட்டுள்ளன என்பது அதன் பொருள். இதைப் படித்தபோது எனக்குப் பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வு நினைவுக்கு வந்தது. வரைபடத்தாளின் மேல்மூலையில் 'அளவுத்திட்டம்' என்று தலைப்பிட்டு, எக்ஸ் அச்சில் 1 செ.மீ. இத்தனை அலகு, ஒய் அச்சில் 1 செ.மீ. இத்தனை அலகு என்று எழுதாவிட்டால் மதிப்பெண் குறையும் என்று ஆசிரியர்கள் அச்சுறுத்துவார்களே, அதே வாக்கியம்தான். அச்சுகளுக்குப் பெயரிடும் வழக்கம் நிலைபெறாத காலத்தில், படத்தைப் படிப்பது எப்படி என்பதையே பிளேஃபேர் வாசகருக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

அந்தச் சொற்களை எழுதியவர் யார்? செப்புத் தகட்டில் உளியால் செதுக்கிய கைவினைஞர். டென்மார்க்கு-நார்வே படத்தின் ஓரத்தில் நீல் என்னும் செதுக்குநரின் பெயர் காணப்படுகிறது. தகட்டில் எழுத்துகளைக் கண்ணாடி பிம்பம்போல வலமிருந்து இடமாகத் தலைகீழாய்ச் செதுக்க வேண்டும். அப்போதுதான் தாளில் நேராகப் பதியும். இவ்வாறு செதுக்குபவருக்குக் கோடும் எழுத்தும் ஒன்றே. வளைந்த சொல், சாய்ந்த சொல், பெரிய எழுத்து, சிறிய எழுத்து எதுவும் அவருக்குத் தடையில்லை. ஒருவர் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தால், மொழி தெரியாமலேயே அதையும் அவர் பிழையின்றிச் செதுக்கியிருப்பார். 1578-லேயே கொல்லத்தில் தமிழ் நூல் அச்சேறிவிட்டது. ஈய எழுத்துக் காலத்தில் கொம்பு தனி அச்சாக இருந்தது. அதை எடுத்து மெய்யெழுத்துக்கு முன்னால் வைத்தது அச்சுக்கோப்பவரின் விரல். எழுத்தை ஒழுங்குபடுத்தும் அறிவு அக்காலத்தில் மனிதக் கையில் இருந்தது என்பதை இங்கே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் குறிப்புச்சொற்கள் படத்தின் வாதத்தையே சுமக்கத் தொடங்கின. கிரீமியப் போரில் படைவீரர்கள் காயங்களால் இறந்ததைவிடத் தடுக்கத்தக்க நோய்களால் இறந்ததே மிகுதி என்பதைக் காட்ட, ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1858-இல் வெளியிட்ட வட்டப் படத்தில், எந்த நிறம் எதைக் குறிக்கிறது, பரப்பை எங்கிருந்து அளக்க வேண்டும் என்பன படத்தின் அருகிலேயே எழுதப்பட்டன. 1869-இல் சார்ல் மினார் வரைந்த, நெப்போலியனின் உருசியப் படையெடுப்பைக் காட்டும் வரைபடத்தில், படைவீரர் எண்ணிக்கை பட்டைகளின் குறுக்கே எழுதப்பட்டுள்ளது. 4,22,000 என்று தொடங்கும் அந்த எண், பட்டை மெலிந்து மெலிந்து திரும்பி வரும்போது 10,000 என்று முடிகிறது. அந்த எண்களை அழித்துவிட்டுப் பாருங்கள். எஞ்சுவது அழகான கோலம் மட்டுமே.

படங்கள் பெருகியபோது ஒழுங்கு தேவைப்பட்டது. அமெரிக்காவில் வில்லார்ட் பிரிண்டன் தலைமையில் பல அறிவியல், பொறியியல் சங்கங்கள் இணைந்து அமைத்த குழு 1915-இல் வரைபடங்களுக்கான விதிகளை வெளியிட்டது. படத்திலுள்ள எழுத்துகள் யாவும் கீழ்விளிம்பிலிருந்தோ வலவிளிம்பிலிருந்தோ எளிதில் படிக்கத்தக்கவாறு அமைய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இன்று எந்த மென்பொருளைத் திறந்தாலும், செங்குத்து அச்சின் பெயர் தலையை இடப்பக்கம் சாய்த்துப் படிக்கும்படி கீழிருந்து மேலாக ஏறுகிறதல்லவா? அந்த வழக்கமும் இவ்விதியும் ஒத்துப்போகின்றன. மென்பொருளின் இயல்புநிலை என்று நாம் கருதும் பலவும் மையும் தாளும் கொண்டு வேலை செய்தவர்களின் பழக்கங்களே.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இப்பணி வரைவாளர்களுடையதாகவே இருந்தது. பள்ளம் வெட்டிய அச்சுப்பட்டையில் ஊசியை ஓட்ட, மறுமுனையிலுள்ள பேனா எழுத்தை வரையும் லீராய் கருவி, தேய்த்தால் தாளில் ஒட்டிக்கொள்ளும் லெட்ராசெட் எழுத்துத்தாள், ஸ்டென்சில் ஆகியவை அவர்களின் கருவிகள். நம் பல்கலைக்கழக நூலகங்களில் உள்ள பழைய ஆய்வேடுகளைப் புரட்டினால், டிரேசிங் தாளில் கறுப்பு மையால் எழுதப்பட்ட அந்த எழுத்துகளை இன்றும் காணலாம். ஓரெழுத்து பிசகினால் பிளேடால் சுரண்டித் திருத்திய தடமும் தென்படும்.

பின்னர் பேனா மனிதக் கையிலிருந்து பொறியின் கைக்கு மாறியது. 1959-இல் வெளிவந்த கால்காம்ப் 565 என்னும் உருளை வரைவி, பேனாவை அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு நகர்த்தி நகர்த்திக் கோடு வரைந்தது. அதனோடு வழங்கப்பட்ட ஃபோர்ட்ரான் துணைநிரல்களில் 'சிம்பல்' என்பது எழுத்து வரைவதற்குரியது. எந்த இடத்தில் தொடங்க வேண்டும், எழுத்தின் உயரம் எவ்வளவு, எழுத வேண்டியது என்ன, எந்தக் கோணத்தில், எத்தனை எழுத்துகள் என்பவற்றை அதற்குத் தர வேண்டும். இன்று நாம் நிரலில் ஒரு குறிப்புச்சொல்லைத் திருத்தி அமைக்கும்போது தருவனவும் ஏறக்குறைய இவையே. எழுத்து வகையும் நிறமும் பின்னாளில் சேர்ந்தவை. ஆனால் இப்பட்டியலுக்குள் ஓர் எடுகோள் ஒளிந்திருக்கிறது. சொல் என்பது இடமிருந்து வலமாக ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் உருவங்களின் வரிசை. முதல் எழுத்தை வரைந்து, சற்று நகர்ந்து, அடுத்ததை வரைந்தால் போதும் என்பதே அது. ஆங்கிலத்துக்கு அது முற்றிலும் சரி.

அந்த உருவங்களை அழகுபடுத்தியவர் ஆலன் ஹெர்ஷி என்னும் இயற்பியலாளர். அமெரிக்கக் கடற்படையின் டால்கிரன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், 1967-இல் வெளியிட்ட அறிக்கையில், எழுத்துகளை நேர்கோட்டுத் துண்டுகளாகப் பிரித்து எண்களாகத் தந்தார். இலத்தீன், கிரேக்கம், சிரிலிக், கோதிக், கணிதக் குறிகள், ஜப்பானிய எழுத்துகள் எனப் பரந்த தொகுப்பு அது. இந்திய எழுத்துகள் அதில் இடம்பெறவில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தனியொருவர் தம் பணிக்கிடையே செய்த பெருமுயற்சி அது. ஆனால் அதன் விளைவு நீண்டது. கணினிப் பார்வைத் துறையில் பரவலாகப் பயன்படும் ஓப்பன்சிவி நூலகம், படத்தின்மேல் எழுதுவதற்குப் பல ஆண்டுகளாக ஹெர்ஷியின் எழுத்துகளையே வழங்கி வந்தது. அத்தொகுப்பில் இல்லாத எழுத்தைக் கொடுத்தால் அவ்விடத்தில் கேள்விக்குறி தோன்றும்.

1970-களின் இறுதியில் டொனால்ட் குனூத் உருவாக்கிய டெக், கணிதச் சமன்பாடுகளை அச்சுக்கோப்பவரின் நுட்பத்தோடு அமைக்கக் கணினிக்குக் கற்றுத்தந்தது. 1986-இல் தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி ஆகியோர் நியூபிளாட் என்னும் வரைபட மென்பொருளை எழுதினர். குறிப்புச்சொல்லில் அடிக்கோட்டுக் குறி வந்தால் அடுத்த எழுத்து கீழிறங்குவதும், கூர்க்குறி வந்தால் மேலேறுவதும் அதில் பின்னர்ச் சேர்ந்த வசதிகள். கோப்பின் பெயரை அப்படியே தலைப்பாக இட்டு, அடிக்கோட்டுக்குப் பின் வரும் எழுத்து கீழே இறங்கித் தொங்குவதைக் கண்டு திகைக்காத ஆய்வு மாணவர் அரியர். 2003-இல் நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஹண்டர், வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளை ஆராயும் பணிக்கிடையே உருவாக்கிய மேட்பிளாட்லிப் வெளிவந்தது. டாலர் குறிகளுக்கிடையே டெக் முறையில் எழுதினால் ஆல்ஃபாவும் பீட்டாவும் வர்க்கமூலமும் அச்சின் ஓரத்தில் அழகாய் அமர்ந்தன.

ஒரு செய்தியை இங்கே கவனிக்க வேண்டும். ஒரு பின்னத்தை மேலும் கீழும் அடுக்குவதற்கும், ஒரு கொம்பை மெய்க்கு முன்னால் நகர்த்துவதற்கும் இடையே அடிப்படை வேறுபாடு இல்லை. இரண்டிலும், தட்டச்சு செய்த வரிசை ஒன்று. கண்ணுக்குத் தெரிய வேண்டிய அமைப்பு வேறு. முன்னதைக் கணினிக்குக் கற்பித்தார்கள், ஏனெனில் அது எழுதியவர்களுக்கு அன்றாடத் தேவையாக இருந்தது. பின்னது அவர்களின் மேசைக்கு வரவேயில்லை.

நம் பக்கம் என்ன நடந்தது? இந்திய மொழிகளுக்கான இஸ்கி என்னும் குறியேற்றம் 1980-களில் உருவானது. அதன் 1988-ஆம் ஆண்டு வடிவத்தைத் தழுவியே 1991-இல் வெளிவந்த யூனிகோடில் தமிழும் பிற இந்திய எழுத்துகளும் இடம்பெற்றன. இம்முறையில் 'தை' என்பது முதலில் தகரம், பிறகு ஐகாரக் குறி என்றே சேமிக்கப்படும். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்று நம் இலக்கணம் கூறும் வரிசை அதுவே. அகரவரிசைப்படுத்தவும் தேடவும் அதுவே பொருத்தம். ஆனால் காது கேட்கும் வரிசையைக் கண் பார்க்கும் வரிசையாக மாற்ற ஒருவர் வேண்டும். அச்சுக்கோப்பவரின் விரல் செய்த வேலையை இனி ஒரு நிரல் செய்ய வேண்டும்.

அந்நிரல்கள் இல்லாமலில்லை. பாங்கோ என்னும் நூலகத்தின் பெயர், 'அனைத்து' என்னும் கிரேக்கச் சொல்லும் 'மொழி' என்னும் ஜப்பானியச் சொல்லும் சேர்ந்தது. ஹார்ஃப்பஸ் என்பது 'திறந்த எழுத்து' எனப் பொருள்படும் பாரசீகத் தொடரின் திரிபு. உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் நாம் தமிழைச் சரியாகப் படிக்க முடிவது இத்தகைய வடிவமைப்பு நிரல்களால்தான். இப்பதிவை நீங்கள் படிக்கும் திரையிலும் அத்தகைய நிரலொன்று ஒவ்வொரு கொம்பையும் அதற்குரிய இடத்தில் வைத்துக்கொண்டிருக்கிறது. சிக்கல் என்னவெனில், வரைபட மென்பொருள்களில் பல இவற்றைக் கேட்காமல், குறியெண்களை வந்த வரிசையிலேயே உருவங்களாக மாற்றி அடுக்குகின்றன. கால்காம்ப் காலத்து எடுகோள் அவற்றுக்குள் இன்னும் உயிரோடிருக்கிறது. என் தை மாதம் தொலைந்தது அங்கேதான்.

இதில் ஒரு முரண் உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் நாம் பயன்படுத்திய டிஸ்கி போன்ற குறியேற்றங்களில் கொம்பு தனியெழுத்தாக, மெய்க்கு முன்னாலேயே சேமிக்கப்பட்டது. ஆகவே அந்தப் பழைய எழுத்துருக்களை இட்டால், எதுவும் அறியாத மென்பொருளிலும் 'தை' சரியாகவே தெரியும். கண்ணுக்குச் சரி, ஆனால் யூனிகோடு மட்டும் அறிந்த கருவியில் தேடினால் கிடைக்காது, நகலெடுத்தால் பொருளற்ற குறிகளாக மாறும். குறுக்குவழி என்று சிலர் இன்றும் அதைக் கையாள்கின்றனர். நான் பரிந்துரைக்கமாட்டேன்.

விடுமுறை முடிந்து திரும்பியதும் ஆய்வுக்கூடத்தில் இதைச் சொன்னேன். பக்கத்து மேசையிலிருந்த வங்காள நண்பர் சிரித்தார். அவர் மொழியிலும் ஏகாரக் குறி மெய்க்கு இடப்பக்கம் நிற்பது; ஓகாரக் குறி இருபுறமும் பிரிந்து நிற்பது. இந்தி பேசும் தோழிக்கு இகரக் குறியில் அதே தொல்லை. மூவரும் அதனாலேயே ஆங்கிலத்தில் குறிப்புச்சொல் எழுதப் பழகியிருந்தோம். அது எங்கள் விருப்பத் தேர்வு என்றே எண்ணியும் இருந்தோம்.

வழிகள் உண்டு என்பதை அன்று மாலை கண்டோம். நியூபிளாட்டில் பாங்கோவைப் பயன்படுத்தும் கெய்ரோ வெளியீட்டு முறைகளைத் தேர்ந்தெடுக்கலாம். டெக் வழியாகச் செல்பவர்கள் ஸீடெக் போன்ற யூனிகோடு அறிந்த வடிவங்களை நாடலாம். எளிய வழி ஒன்றும் உண்டு. படத்தை எஸ்விஜி கோப்பாகச் சேமிக்கும்போது, எழுத்துகளைக் கோட்டுருவங்களாக மாற்றாமல் எழுத்துகளாகவே விடும் தெரிவு பல மென்பொருள்களில் இருக்கிறது. அதைத் தேர்ந்தால், கோப்பை உலாவியில் திறக்கும்போது கொம்பை இடம்மாற்றும் வேலையை உலாவி பார்த்துக்கொள்ளும். தமிழ் உருவங்களுள்ள எழுத்துரு கணினியில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இல்லாவிடில் வெறும் கட்டங்கள் தோன்றும். படத்தை வெளியிடும் முன் தை, கோடை, வெப்பம், புது என்னும் நான்கு சொற்களை இட்டுச் சோதித்துப் பாருங்கள். முன்னால் வரும் குறி, இருபுறமும் பிரியும் குறி, மெய்யோடு கலக்கும் குறி ஆகிய மூன்றும் அவற்றில் அடங்கிவிடும்.

பொங்கலுக்கு மீண்டும் ஊர் சென்றேன். புதிய தாளில் பன்னிரு மாதங்களும் ஒழுங்காக நின்றன. நிற்கும் அச்சில் மீட்டரை நீக்கிவிட்டு அடி என்று மாற்றியிருந்தேன். எங்கள் ஊரில் கிணற்று ஆழத்தை மீட்டரில் யாரும் பேசுவதில்லை. தந்தையார் தையின்மேல் விரலை வைத்து, அப்படியே மேலே நகர்த்திக் கோட்டைத் தொட்டார். இடப்பக்க எண்ணைப் பார்த்தார்.

"இது தப்பு" என்றார். "நம்ம கிணத்துல தையில இவ்வளவு கீழ தண்ணி போனதே இல்ல. நீ அளந்த கிணறெல்லாம் போர் போட்ட தோட்டத்துப் பக்கமா இருக்கும்."

குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். அளந்தவற்றில் பெரும்பாலானவை ஆழ்துளைக் கிணறுகளுக்கு அருகில் இருந்தவையே. அதை நான் ஒரு காரணியாகக் கருதவில்லை. ஆய்விதழுக்குப் படத்தை மதிப்பிட்டவர்களும் கேட்கவில்லை. அச்சுகளின் பெயர்களைத் தம் மொழியில் படிக்க முடிந்த முதல் நாளிலேயே என் தந்தையார் கேட்டுவிட்டார். வரும் கோடையில் கிணறுகளை இரு பிரிவாகப் பிரித்து மீண்டும் அளக்கவிருக்கிறேன்.

உங்கள் துறையில் தமிழ்க் குறிப்புச்சொற்களோடு வரைபடம் வரைந்த அனுபவம் இருந்தால், எந்தக் கருவியில் எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பின்னூட்டத்தில் பதிவு செய்யுங்கள். பிழை கண்டால் அதை உருவாக்குநர்களுக்கும் எழுதுங்கள். தேவையென்று கேட்பவர் இருப்பதை அவர்கள் அறிய வேண்டும்.